பத்தரை மணிக் கையெழுத்து

இறந்துபோன தங்கை மஜீதாவின் தலையில் மூன்றாவது செம்புத் தண்ணீரை நூர் நிஷா ஊற்றிக்கொண்டிருந்தபோது, மறைப்புத் துணிக்கு வெளியே தம்பி ஹமீது சுல்தானின் குரல் கேட்டது.

"ராத்தா, நிப்பாட்டுங்க. கொஞ்சம் இங்கன வாங்க."

மய்யித்தைக் குளிப்பாட்ட வந்திருந்த தாஜுன்னிசா பதறினாள். "பாதியில நிப்பாட்டக் கூடாதும்மா." செம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, நூர் நிஷா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

தம்பியின் கண்கள் சிவந்திருந்தன.

"வக்கீலப் பாத்துட்டு வாரேன். கேசு போடலாங்கிறாரு. இந்தா வந்துருவாரு, இந்தா வந்துருவாருன்னு சொல்லிச் சொல்லி அந்த டாக்டரு நேத்து நாலு மணிக்கு வந்தாரு. அது வரைக்கும் தங்கச்சிக்கு உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டிருக்கு. ஆனா பெரியாஸ்பத்திரியில அறுத்துப் பாத்து எழுதி வாங்கணுமாம். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அடக்க முடியாது. நான் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணிக்குத்தான் வந்தேன். காலையிலேருந்து கூட இருந்தது நீங்க. நீங்கதான் சாட்சி."

நூர் நிஷா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

மஜீதாவுக்கு ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை. விடுப்பில் வந்த அவள் கணவன் மதார் சவுதியில் தம்மாமுக்குத் திரும்பிய பிறகுதான் நாள் தள்ளிப்போனது தெரிந்தது. நேற்றுக் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவளை, கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்குக் காரில் கொண்டுபோனது நூர் நிஷாதான். கரு குழாயில் தங்கி வெடித்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். பத்தரை மணிக்கு நர்ஸ் தாளை நீட்டினாள்.

"ஒரு குழாய எடுத்துருவோம்மா. கையெழுத்துப் போடுங்க."

"அப்பறம் புள்ள தங்குமா?"

"தங்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

கட்டிலில் கிடந்த மஜீதா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவுககிட்டக் கேக்காமப் போடாதீங்க ராத்தா."

மதாரின் கம்பெனிக்குப் போன் போட்டாள். அவன் வேலைத்தளத்தில் இருந்தான். திருப்பிப் பேசும்போது மணி பன்னிரண்டு. "போடுங்க, போடுங்க" என்று அவன் கத்தினான். அவள் போட்டாள். அதற்குள் டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போயிருந்தார். அந்தி மஃரிபுக்கு முன்னால், ஆபரேஷன் மேஜையிலேயே மஜீதா மவுத்தானாள்.

"ஹமீது, பத்தரைக்கே கையெழுத்துக் கேட்டாங்க" என்றாள். மீதியையும் சொன்னாள்.

அவன் சுவரில் சாய்ந்தான்.

"ஒன்றரை மணி நேரம் நீங்க. நாலு மணி நேரம் அந்தாளு." தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவன் போலச் சொன்னான். "எதுல போச்சுன்னு யாரு சொல்லுவா?"

"நான் வந்து சொல்றேன். உள்ளத உள்ளபடி சொல்றேன்."

"சொன்னா டாக்டரோட வக்கீலு நேரம் போட்ட அந்தத் தாளத்தான் மொதல்ல நீட்டுவான். மறைச்சாலும் அது அங்கனதானே இருக்கு? அதுக்காகத் தங்கச்சியக் கூறு போடணுமா?" அவன் குரல் உடைந்தது. "மதாரு மச்சானுக்குத் தெரிஞ்சா, தான் லேட்டாப் பேசினதுனாலதான்னு அங்கனயே கெடந்து செத்துருவாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்க ராத்தா. உம்மாகிட்டயும்."

அவன் அவளைத் திட்டவில்லை. அடக்கஸ்தலத்துக்கு ஆள் அனுப்பப் போய்விட்டான்.

அவள் உள்ளே திரும்பியபோது குளிப்பாட்டி முடிந்திருந்தது. கற்பூர வாசனை அறையை நிறைத்திருந்தது. தலைமாட்டில் இருந்த உம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி என்னவாம்?"

"லுஹருக்கு எடுக்கணுமாம்."

"நல்லவேள, நீ கூட இருந்த. இல்லாட்டி எம்புள்ள தனியால்ல கெடந்துருக்கும்."

நூர் நிஷா உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் ஈர முடியைக் கோதி மய்யித்துக்கு வழக்கமான மூன்று பின்னலுக்காகப் பிரித்து, முதல் பின்னலைத் தொடங்கினாள். நீளமான முடி. விரல்கள் வழுக்கின. பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.