அடிக்கு ஒரு வரிசை

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் கூட்டம் என்றால் கூட்டம், தோளை இடிக்காமல் ஓர் எட்டு வைக்க முடியாது. மார்க்கெட் பின்வாசல் படியில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து அழகேசன் போனைத் தூக்கிப் பிடித்தான். திரையில் பெரம்பலூரில் இருக்கும் அவன் காடு. மனைவி அனிதா மக்காச்சோளக் கதிர் ஒன்றை ஒடித்து உரித்துக் காட்டினாள். பொக்கை வாய். அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி.

"எல்லாம் இப்படித்தானா?"

"தொட்டதெல்லாம் இதே கதிதான்."

வரிசைக்கு வரிசை இரண்டடி விடணும் என்றுதான் விதைக்கிறபோது அவள் சொன்னாள். இவன் கேட்டானா? வீடியோவில் பாதிக் காடு சும்மா கிடக்கிற மாதிரி தெரிந்தது. கம்பெனி ஆட்கள் தங்கும் டார்மிட்டரியில் செருப்பு விடும் இடத்துக்கே சண்டை போடுகிறவனுக்கு, வெறும் இடத்தைக் கண்டால் வயிறு எரியாதா? "அடிக்கு ஒரு வரிசை போடு, விளைச்சல் ரெட்டிப்பாகும்" என்று இங்கிருந்தே நாட்டாமை பண்ணினான். சோளம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வெயிலைத் தேடி ஓடி, மணி பிடிக்காமல் வெறும் தட்டையாக நின்றது. படைப்புழு விழுந்தபோது மருந்தடிக்க உள்ளே கால் வைக்க வழியில்லை.

இந்த விளைச்சலை நம்பித்தான், வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டாம், ஊரோடு போய்விடலாம் என்று இருந்தான். நாளைக்குக் கம்பெனியில் பதில் சொல்லியாக வேண்டும். அவனுடைய கீழ்க்கட்டிலை அறைத்தோழன் ஃபஹத் இப்போதே கேட்டு வைத்துவிட்டான்.

அனிதா வரப்போரமாக நடந்துபோய் நின்றாள். அங்கே நாலு வரிசை மட்டும் தள்ளித் தள்ளி நின்றது. ஒரு கதிரை உரித்தாள். நுனிவரை மணி, கெட்டியாக.

"இது யாரு போட்டது?"

"நான்தான். உங்க பேச்சக் கேக்காம."

"ஏன் புள்ள, எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? அதுக்கு ஊடாலயும் ஒரு வரிசை போடச் சொல்லியிருப்பீங்க."

அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த நாலு வரிசையும் பொய்த்துப் போயிருந்தால் தேவலை என்றுகூட நினைத்தான், பாவி.

"நான் வந்துடறேன் அனிதா. அடுத்த போகத்துக்கு நானே கூட நின்னு..."

"வேணாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க பெர்மிட்டையே போட்டுக்குங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை வரப்பில் சாய்த்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க லா" என்றது பின்னால் ஒரு குரல். அழகேசன் முழங்காலை மடக்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். திரையில் அனிதா தள்ளி நின்ற இரண்டு வரிசைக்கு நடுவே, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறுகையை வீசி நடந்து போய்க்கொண்டிருந்தாள்.