அணைக்குக் கீழே முதல் வீடு

எங்கள் வீட்டுக்கு மேலே, ஓடை வளைகிற இடத்தில், ஒரு மண் அணை இருக்கிறது. அணை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருநூறு தப்படி. உயரம் ஒரு மாடி வீட்டளவு. மேலெல்லாம் புல். வருஷத்தில் பாதி நாள் அதற்குப் பின்னால் தண்ணீரே இருக்காது. குன்றுகளில் பெய்கிற மழை ஒரே பாய்ச்சலாக வந்து ஊரை அடித்துப் போகாமல், அதைப் பிடித்து நிறுத்தி, அடியில் இருக்கும் மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கென்றே கட்டியது. கீழே ஊரில் நானூறு வீடுகள். அணைக்கும் ஊருக்கும் நடுவில், ஓடைக்கரையில், மூன்றே மூன்று வீடுகள். அதில் முதல் வீடு எங்களுடையது.

அணைக்கு ஒரே ஒரு காவலர். மழைக்காலத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு மூன்று வீடுகளுக்கும் போன் போட்டு நீர்மட்டம் சொல்வார். அதனால் ஊரே அவரை ‘மட்டம்’ என்று கூப்பிடும். வேலைக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாத மனிதருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்.

அம்மா தையல்காரி. அப்பா போய் ஏழு வருஷமாகிறது. நான் பஸ்ஸில் நான்கு மணி நேரம் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடுமுறைக்கு அம்மாவிடம் வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் காலை போன் வந்தது. மட்டம் சொல்ல அரை நிமிஷம் போதும். அம்மா பத்து நிமிஷம் பேசினாள்.

“என்னம்மா அவ்வளவு நேரம்?”

“கரையில எலி வளை தோண்டியிருக்காம். அதைச் சொல்லிட்டு இருந்தார்.”

“பத்து நிமிஷமா?”

“பெரிய எலி” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. ஆனால் சுருக்கென்றதுதான் முதலில்.

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. காலை மட்டம் பதினெட்டு அடி. பத்து மணிக்கு மறுபடி போன் வந்ததும் அம்மாவின் கை கத்தரிக்கோலோடு அப்படியே நின்றது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“கரைக்கு அடியில ஊத்து மாதிரி தண்ணி கொப்புளிக்குதுங்க” என்றார் காவலர். “தட்டு அகலத்துக்கு. தெளிஞ்ச தண்ணியா வந்தா நான் கவலைப்பட மாட்டேன். கலங்கலா வருது.”

“கலங்கலா வந்தா?”

“உள்ள இருக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்.”

இன்ஜினியரைக் கூப்பிட்டிருக்கிறார். ரோட்டில் பாலம் முழுகிவிட்டதால் அவரால் வர முடியவில்லை. போனிலேயே ரெண்டு வேலை செய்யச் சொல்லியிருக்கிறார். ஒன்று, மதகை முழுசாகத் திறந்து அணையில் இருக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஊற்றைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, கிணற்றுச் சுவர் மாதிரி எழுப்ப வேண்டும்.

“ஓட்டையையே அடைச்சிட்டா என்ன?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

“அடைக்கக் கூடாது டீச்சர். இங்க அடைச்சா வேற இடத்துல பிச்சுக்கிட்டு வரும். சுத்திக் கட்டினா உள்ள தண்ணி ஏறி நிக்கும். அந்த பாரம் கீழ அழுத்தும். ஊத்தோட வேகம் அடங்கும்.” பிறகு அம்மாவிடம் பேசினார். “மதகை முழுசாத் திறந்தா ஓடை கரை தாண்டும். ஊருக்குள்ள போகாது. ஆனா உங்க வீட்டுக்குள்ள வந்துடும். முழங்கால் வரைக்கும் வரலாம்.”

“திறங்க.”

“இல்ல, நீங்க யோசிச்சு…”

“இதுக்கு எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க? நானூறு வீடு இருக்கு கீழ.”

“கேக்காம திறக்கக் கை வரலைங்க” என்றார் அவர்.

அம்மா கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். “நான் சொல்லிட்டேன்ல. திறங்க. மூட்டைக்குச் சாக்கு இருக்கா?”

“இருக்கிறதெல்லாம் மக்கிப்போச்சு. உருப்படியா அஞ்சு தேறும்.”

“எத்தனை வேணும்?”

“எழுபதாவது வேணும்.”

அம்மா போனை வைத்துவிட்டு, மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த துணியைப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்து மேடைக்குத் திரை தைக்க வந்தது. கெட்டியான நீலத் துணி, ஒரு ஆள் தூக்க முடியாத கனம்.

“அம்மா, அது ஆர்டர் துணி.”

“ஊர் இருந்தாத்தானே நாடகம் போடுவாங்க. அந்தக் கோடியைப் பிடி.”

நான் வெட்ட, அவள் தைத்தாள். அடியில் ஒரு தையல், பக்கத்தில் ஒரு தையல், மூட்டை ஆயிற்று. கரண்ட் இல்லை. ஆனால் அம்மாவின் மெஷின் கால்மிதி மெஷின். மழைச் சத்தத்தை மீறி அது தடதடவென்று ஓடியது. பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் கதவைத் தட்டினார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. முப்பது மாவுச் சாக்குகளை உதறிக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி ஊருக்குப் போன் போட்டு, பள்ளமான தெருவில் இருப்பவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது.

வாசற்படிக்கு அடியில் முதலில் ஒரு கோடுபோலத் தண்ணீர் நுழைந்தது. அரை மணி நேரத்தில் கணுக்கால். அம்மா நிறுத்தவில்லை. மெஷினின் மிதிகட்டை தண்ணீரை அடித்து அடித்துத் தெறிக்கவிட்டது. நாற்பதாவது மூட்டையை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் எழுந்தாள். மெஷினை நானும் பேக்கரிக்காரரும் கட்டில்மேல் தூக்கி வைத்தோம். அப்பாவின் போட்டோவைக் கழற்றி அலமாரி உச்சியில் வைத்தேன். பிறகு பேக்கரிக்காரர் மனைவியும் சேர்ந்துகொள்ள, பின்பக்கத்து மேட்டுப் பாதையில் அணைக்கு ஏறினோம்.

காவலர் தனியாக, அணையடியில் கொட்டி வைத்திருந்த மணலைக் கூடையில் சுமந்துகொண்டிருந்தார். தலையில் ஒன்றும் இல்லை. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்வது. திட்ட வாயெடுத்தவர், அம்மா கையில் நீலத் துணி மூட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“இங்க வந்து நிக்கிற நேரமா இது?” என்றார் கடைசியில்.

“நிக்க வரலை. மணல் அள்ள வந்தோம்” என்றாள் அம்மா.

ஐந்து பேர். நான் மூட்டையின் வாயை விரித்துப் பிடித்தேன். பேக்கரிக்காரர் அள்ளிப் போட்டார். அவர் மனைவி வாயைக் கட்டினாள். அம்மாவும் காவலரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கொண்டுபோய் அடுக்கினார்கள். ஊற்று நடுவில் கொதிக்கிற உலைபோலக் குமுறிக்கொண்டு இருந்தது. தேநீர் நிறம். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. காவலர் ஒவ்வொரு மூட்டையையும் காலால் மிதித்து இறுக்கினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் கை நீட்டும் முன்பே அம்மா மூட்டையை அந்தப் பக்கம் திருப்பியிருப்பாள். ஏழு வருஷமாக அம்மா யாரோடும் சேர்ந்து எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை.

இடுப்புயரம் எழுந்ததும் உள்ளே தண்ணீர் ஏறி நின்றது. இனிக் காத்திருப்பதுதான் வேலை. காவலர் தன் அறையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் கொண்டுவந்தார். முக்கி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கலங்கல். கால் மணி நேரம் கழித்து மறுபடி. கலங்கல். பேக்கரிக்காரர் மனைவி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை அம்மா தம்ளரை வாங்கித் தானே முக்கினாள். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, தம்ளருக்குப் பின்னால் இருந்த அம்மாவின் விரல்கள் எனக்குத் தெரிந்தன. ரேகை வரைக்கும் தெரிந்தன.

“தெளிஞ்சிடுச்சு” என்றாள்.

காவலர் வாங்கிப் பார்த்தார். மூட்டைமேல் உட்கார்ந்தார். அதுவரை நின்றிருந்த உடம்பு அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது. பல் கிட்டியது. அம்மா இடுப்பில் செருகியிருந்த துண்டைப் பிழிந்தாள். எல்லாரும் பார்க்க, அவர் தலையைத் துவட்டினாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், நெற்றியில். அவர் சின்னப் பிள்ளைபோலக் குனிந்து கொடுத்தார்.

பேக்கரிக்காரர் மழையைப் பார்த்தார். நான் அவர்களையே பார்த்தேன். சுருக்கென்ற அந்த இடத்தில் இப்போது ஒன்றும் குத்தவில்லை. அழுகைதான் வந்தது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது?

சாயங்காலத்துக்குள் மட்டம் நான்கு அடி இறங்கியது. ஊருக்குள் ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. மறுநாள் பாலத்தில் தண்ணீர் வடிந்து இன்ஜினியர் வந்தார். மூட்டை வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “யார் கட்டினது, இவ்வளவு அழகா?” என்றார். நீலத் துணியின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விஷயத்தைத் தானே சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து, கரையடியை வெட்டி, மணலும் சரளையும் நிரப்பிப் பலப்படுத்தினார்கள்.

எங்கள் வீட்டில் கணுக்காலளவு சேறு. காவலர் தினமும் வேலை முடிந்து வந்து வாரிக் கொட்டினார். ஒரு மத்தியானம், அவர் வரும் முன்னால், அம்மா மெஷின் டிராயரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“நான் அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்.”

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

“கேக்கல, சொல்றேன்” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “ஆனா நீ வேண்டாம்னா மனசு கஷ்டப்படும்.”

“அவருக்குச் சமைக்கத் தெரியுமா?”

“வெந்நீர் நல்லா வெப்பார்.”

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். ரெண்டு பேருக்கும் சேற்றுக் கை. கட்டிக்கொள்ளக்கூட முடியாமல், தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றோம்.

இரண்டு மாதம் கழித்து, நான் லீவு போட்டு வந்திருந்தபோது, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பேக்கரிக்காரரும் மனைவியும் சாட்சி. அதன் பிறகு எனக்கு ஒரே ஒரு சங்கடம். அவரை என்னவென்று கூப்பிடுவது? அப்பா என்றால் வாய் வரவில்லை. சார் என்றால் அம்மா முறைப்பாள். மாமா, சித்தப்பா என்று எதை வைத்துப் பார்த்தாலும் முறை இடித்தது. ‘இங்க பாருங்க’, ‘உங்களைத்தான்’ என்றே மூன்று நாள் ஓட்டினேன். அவரும் ‘டீச்சர், நீங்க’ என்றே ஓட்டினார்.

நான் வேலைக்குத் திரும்பும் நாள் அவர்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

“ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காரும்மா. உனக்குத் தலைசுத்தல் வரும்னு சொன்னாங்க” என்றார்.

“சரிப்பா” என்றேன்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிற ‘ப்பா’தான் அது. அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. ஏறி, ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.