முக்காலி எடுத்த ஜன்னல்

முக்காலி இரவில் படம் எடுத்த விளக்கு எதுவும் அதற்குப் பிறகு அணைவதில்லை. ஸ்விட்சைத் தட்டினாலும் சரி, பல்பைக் கழற்றினாலும் சரி, அது பாட்டுக்கு எரியும். ஆரம்பத்தில் சில வருடங்கள் இதை யாரும் கவனிக்கவில்லை. அவன் எடுத்ததெல்லாம் தெருவிளக்குகள். தெருவிளக்கு பட்டப்பகலில் எரிவது எந்த நகரத்திலும் செய்தி இல்லை. அணைக்க மறந்ததற்காக மின்சார அலுவலகம் தன் ஊழியர்களுக்கு மாறிமாறி மெமோ கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முக்காலி என்பது அவன் பெயர் அல்ல. கேமராவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டு, ஊர் பாய் விரிக்கும் நேரத்தில் தெருவில் இறங்குவான் என்பதால் வந்த பட்டம். பாலத்தின் மேலும் மொட்டைமாடிகளிலும் ஸ்டாண்டை ஊன்றி, ஷட்டரைத் திறந்துவிட்டு, கேமரா ஆடிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்பான். பகலில் படம் எடுப்பது அவனுக்குக் கேவலம். கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர்களை, "வெளிச்சத்துல எல்லாந்தான் தெரியுதே, அப்புறம் எதுக்குங்க போட்டோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவர் மருந்துக்கடைக்காரர். தன் கடையின் விளக்குப் பலகையை முக்காலி படம் எடுத்த மாதத்திலிருந்து மீட்டர் ஓடவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மச்சானிடம் மட்டும் சொன்னார். மறுநாள் முக்காலி வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஜவுளிக்கடைக்காரர் பலகையில் ஓர் எழுத்து பழுதாகிக் கிடந்ததைப் பார்க்காமல் படம் எடுக்கச் சொல்லிவிட, அந்த எழுத்து அதற்குப் பிறகு எத்தனை பல்பு மாற்றியும் எரியவில்லை. கடைசியில் அவர் கடையின் பெயரையே மாற்றிப் பதிவு செய்துகொண்டார். மின்சார அலுவலகத்து இன்ஜினியர் வந்து, கம்பி இல்லாமல் எரியும் விளக்கை அரை நாள் அண்ணாந்து பார்த்தார். இப்படி எரிவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்பதால், எரியவில்லை என்று அறிக்கை கொடுத்தார்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு ஒரு நாள் நள்ளிரவில் முக்காலி மொட்டைமாடியில் நின்று நகரம் மொத்தத்தையும் ஒரே படத்துக்குள் அடக்கினான். எதிர்க் கட்டடத்தில், விடியற்காலை முதல் பஸ் ஓட்டும் பெண் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டிருந்தாள். படத்தில் அந்த ஜன்னல் ஒரு கடுகளவு இருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. சில வாரம் கழித்து, கண் இரண்டும் தக்காளியாகச் சிவந்து, அவளே வந்து கதவைத் தட்டினாள்.

"நீங்கதானே ராத்திரில மாடில நின்னு எடுக்கறவரு? என் லைட்டை அணைங்க."

"ஸ்விட்ச் உங்க வீட்லதானேங்க இருக்கு?"

"ஸ்விட்சையும் கழட்டியாச்சு, பல்பையும் கழட்டியாச்சு. வெளிச்சம் மட்டும் அங்கயே தொங்குது. கண்ணைக் கட்டிக்கிட்டா துணிக்குள்ள பூந்து வருது. கூட இருக்கற எங்கக்காவுக்கு ஒண்ணும் இல்ல, அவ வெயில்ல நின்னுக்கிட்டே தூங்குவா. நான் என்ன பண்றது?"

அவளுக்கு அது தூக்கம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லை. முந்தின வாரம் கண் சொருகி, ஒரு நிறுத்தத்திலும் நிற்காமல் நகரத்தைச் சுற்றிவந்து, ஏறியவர்கள் எல்லோரையும் பணிமனையிலேயே இறக்கிவிட்டிருந்தாள். பயணிகளும் தூங்கிக்கொண்டிருந்ததால் பெரிய சண்டை ஆகவில்லை. ஆனால் இன்னொரு முறை நடந்தால் விசாரணைக் கவுண்ட்டரில் உட்காரவைத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"அந்த ஸ்டியரிங்கைப் புடிக்க எத்தனை பேரோட மல்லுக்கட்டினேன் தெரியுமா? போயும் போயும் ஒரு போட்டோவுக்காக விடச் சொல்றீங்களா?"

'போயும் போயும்' என்பது முக்காலிக்குச் சுருக்கென்று தைத்தது. இரவெல்லாம் யோசித்தான். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத்தானே இருக்கும்? அதையே திரும்பப் படம் எடுத்தால் விளக்கு அணைந்துவிடும் அல்லவா? யோசனை சரி. ஆனால் அந்தக் கடுகளவை மட்டும் எடுக்காமல், அவசரத்தில் நெகட்டிவ் முழுவதையும் எடுத்துத் தொலைத்தான்.

அன்று இரவு நகரம் நெகட்டிவாக இருந்தது. வானம் வெள்ளைக் காகிதம் மாதிரி விரிந்து கிடக்க, நிலா அதில் மை சிந்தியதுபோல் இருந்தது. தெருவிளக்குகள் இருட்டைப் பொழிந்தன. கறுத்த முடிக்காரர்கள் எல்லோருக்கும் தலை நரைத்தது, நரைத்தவர்களுக்குக் கறுத்தது. ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள் சீப்பும் கையுமாக விடியும்வரை கடைத்தெருவில் உலாத்தினார்கள். சாயம் பூசுகிறவர்கள் மட்டும் வெளியே தலைகாட்டவில்லை. முதல் பஸ்காரி தன் அறையில் கும்மிருட்டில் கட்டை மாதிரி தூங்கினாள். காலையில் சூரியன் வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிற்று, அவள் விளக்கு உட்பட. மாதம் ஒரு முறையாவது இப்படிச் செய்ய வேண்டும் என்று குமாஸ்தாக்கள் மனு கொடுத்தார்கள். முடிதிருத்துவோர் எதிர்மனு கொடுத்தார்கள். முன் அனுமதி இல்லாமல் நகரத்தையோ, அதில் ஒரு கடுகளவையோகூட நெகட்டிவாக்கக் கூடாது என்று இன்ஜினியர் உத்தரவு போட்டார்.

அவள் மறுபடி வந்தாள். இந்த முறை கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை.

"வேற வழியே இல்லையா?"

"படம் கழுவுற ரூம்ல உக்காந்து யோசிச்சாத்தாங்க எனக்கு ஏதாச்சும் தோணும். கொஞ்சம் இருங்க."

"எந்த ரூம்?"

கதவைத் திறந்து காட்டினான். ஊசி நுழைகிற வெளிச்சம்கூடப் புகாமல் வருடக்கணக்காகத் துணி அடைத்து, மெழுகு பூசி, அவன் வளர்த்துவைத்திருந்த இருட்டு. அவள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். திருப்தியாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"ராத்திரில நீங்க இங்க இருப்பீங்களா?"

"ராத்திரில நான் எப்பங்க வீட்ல இருந்திருக்கேன்?"

"அப்ப வழிய விடுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து போயிடுவேன்."

அவன் மறுப்பதற்குள் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

அன்றிலிருந்து அவன் ஸ்டாண்டோடு வெளியேறும் நேரத்தில் அவள் தலையணையோடு உள்ளே போனாள்; அவள் பஸ்ஸை எடுத்த பிறகு அவன் வந்து படம் கழுவினான். எதிர் எதிரே படியில் பார்த்துக்கொள்ளும்போது இரண்டு வார்த்தை பேசினார்கள். இரண்டு நாலாயிற்று. இதற்குள் ஊர் நாற்பது பேசிவிட்டது. "ஊருக்கு பதில் சொல்லியே என் வாய் வலிக்குது, பேசாம கல்யாணம் பண்ணித் தொலைங்க" என்று அக்கா சொன்னாள். பண்ணிக்கொண்டார்கள். பகலில் நடந்ததால் மாப்பிள்ளை படம் எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஜன்னல் இன்றும் எரிகிறது. அக்கா அதன் அடியில் சுகமாகத் தூங்குகிறாள். தெருவுக்கு அந்த வெளிச்சமே போதும் என்று முடிவு செய்து, எதிரே இருந்த விளக்குக் கம்பத்தை இன்ஜினியர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கம்பத்தின் எண்ணை ஜன்னலுக்குக் கீழே சுவரில் எழுதியாயிற்று. அந்த ஜன்னல் விளக்கை மாலையில் ஏற்றுவதற்கும் விடியலில் அணைப்பதற்கும் ஓர் ஊழியரை நியமித்திருக்கிறார்கள். அவர் தவறாமல் வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், அணைத்துவிட்டதாகக் கையெழுத்துப் போடுகிறார், முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிறார். பஸ் நேரத்துக்கு வருகிறது.