ரஞ்சிதம் எழுதிய விலாசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும், அது முதலில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கத்துக்கு வந்ததாகவே அர்த்தம். சாதாரணக் கடிதங்களை ஆபீஸ் மேசைமேல் போட்டுவிடுவார். அரசாங்க முத்திரை இருந்தால் மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டுவார். தோட்ட மேனேஜரான துரை இருக்கிற நாளாகப் பார்த்து, எல்லாரும் வரிசையில் நிற்கும் காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்த பிறகு, சொற்பொழிவோடும் மாலையோடும் வழங்குவார். போன வருஷம் விஜயனுக்குப் போலீஸ் வேலைக்கு இண்டர்வியூ கடிதம் வந்தபோது துரை பினாங்கில் இருந்தார். விஜயனுக்கு மாலை விழுந்த அன்று இண்டர்வியூ முடிந்து மூன்று நாள். அவன் மாலையோடு உரம் போடப் போனான்.

ஆகவே 1979இல், ஐந்தாம் பாரத்தோடு பள்ளிப் படிப்பை முடித்த ரஞ்சிதம் தாதிப் பயிற்சிக்கு, எங்கள் பேச்சில் மிஸ்ஸி வேலைக்கு, மனு எழுதியபோது, விலாசம் கேட்ட இடத்தில் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த பழனியப்பனின் விலாசத்தைப் போட்டாள்.

"கிராணிக்குத் தெரிஞ்சா?" என்றாள் கொழுந்து பறிக்கும் அவள் அம்மா வேலாயி.

"தெரியட்டும்மா. மொதல்ல எடம் கெடைக்கட்டும்."

மனுப் போட்ட சங்கதி லயத்து வீடுகளில் பரவி, கிராணியின் சொற்பொழிவும் தயாராக இருந்தது. கடிதம்தான் வரவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸ்ஸி வேலைங்கிறது லேசில்லலா. கெடைக்கலைன்னா என்னா பண்றதுன்னு நானே யோசிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு, ஆயாக்கொட்டகையில பிள்ளைங்கள பாத்துக்கிற வேலை. ரெண்டு, என் மச்சான் மகன். கோலா தெர்லாவுல சொந்த லோரி."

"மொதல்ல சொன்னதே போதுங்கய்யா."

அவளிடமும் ஒரு திட்டம் இருந்தது: தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை, அதுவும் இல்லையென்றால் ஆயாக்கொட்டகை, அடுத்த வருஷம் மறுபடி மனு. அதில் லோரி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கவில்லை. ஆயாக்கொட்டகையில் சேர்ந்த மூன்றாம் வாரம், பழனியப்பனின் கடைச் சாமானோடு, கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் கடிதம் வந்தது. குவாந்தானில் இண்டர்வியூ. பல்வலி என்று இரண்டு நாள் லீவு கேட்டாள். கிராணி கையெழுத்துப் போட்டு, கிராம்பும் கொடுத்தார்.

"எடம் கெடைக்கலைன்னா?" என்று இண்டர்வியூவில் ஓர் அம்மாள் கேட்டார்.

"இப்ப பதினோரு பிள்ளைங்களுக்கு மூக்கு தொடைக்கிறேன். அதையே செய்வேன். அடுத்த வருஷமும் இங்க வந்து ஒக்காருவேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் இடம் கிடைத்தது. ஆனால் பயிற்சியைப் பாதியில் விடமாட்டாள் என்று இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பழனியப்பன். மற்றவர் மாதச் சம்பளக்காரராக இருக்க வேண்டும். தோட்டத்தில் துரையை விட்டால் கிராணிதான், துரையோ லீவில் சீமைக்குப் போயிருந்தார். இந்தக் கையெழுத்து இல்லையென்றால் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

தாயும் மகளும் ஆபீசுக்குப் போனார்கள். கிராணி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ரிங்லெட் விலாசமா? நம்ம ஆபீசுக்கு என்னா கொறச்சல்?"

"ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் ஐயா."

"அப்ப அந்தப் பல்லு?"

"இருக்குங்கய்யா."

கிராணி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். வேலாயிதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நம்ம தோட்டத்துல மொத மிஸ்ஸி, கிராணியய்யா கையெழுத்துலதான் போச்சுன்னு லயமே பேசும். வேண்டாம்னா விடுங்க, ரிங்லெட் ஸ்கூல் வாத்தியார் போடுறாராம்."

வாத்தியார் அப்படியொன்றும் சொல்லவில்லை. ஆனால் பேனா வெளியே வந்தது. கையெழுத்து, அதன் கீழே பதவி, அதற்கும் கீழே பாரத்தில் இடமே இல்லாத ஒரு முத்திரை.

"மொத லீவுல வந்தா எனக்குத்தான் பிரஷர் பாக்கணும், தெரியுதா?"

"பாக்கறேங்கய்யா. ஆனா பாக்கிறப்ப பேசக்கூடாதாம்."

வேலாயி பாரத்தை எடுத்து மை காய ஊதினாள். சிரிப்பை மறைக்க அதுவும் வசதியாக இருந்தது.