தார்ச்சட்டிக்கு ஒரு பொன்னாடை

அறிவுமதி பிடிபட்டது ஒரு பால்கனியில், கையில் அளவு டேப்போடு.

அரியமங்கலத்தில் அவளும் அவள் கணவன் அற்புதசாமியும் கிரில் பட்டறை வைத்திருக்கிறார்கள். வெல்டிங் அவன் பொறுப்பு. அளவெடுப்பதும் ஆட்களிடம் பேசுவதும் அவள் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட ஒரு ஃபிளாட்டில் குரங்குத் தொல்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். எல்லா பால்கனிக்கும் கம்பி போட வேண்டும். பெரிய வேலை. முதலில் சங்கச் செயலாளர் யதிராஜனின் வீட்டை அளந்துகொண்டிருந்தாள்.

யதிராஜனின் மனைவி கமலவல்லி காபி கொண்டுவந்தவர், டம்ளரைக் கொடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்கோ."

திரும்பினாள்.

"நீங்க தார்ச்சட்டிதானே?"

இந்தக் கேள்வியை ஒருவர் எவ்வளவு பிரியத்தோடு கேட்க முடியும் என்பது அறிவுமதிக்குப் பழகிப்போன விஷயம். பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள், ரேஷன் கடையில் கேட்டிருக்கிறார்கள், பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறாள். கேட்கிற முகங்களில் ஒன்றில்கூட கெட்ட எண்ணம் இருந்ததில்லை. அதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் 'வாடகைக்கு ஒரு வம்பு' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் டி.வி.யில் வந்தது. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி ஆனால் தெருவில் ஆள் இருக்காது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற 'ரெவின்யூ சார்' என்கிற வீட்டுக்காரர், அவர் மாடியில் குடியிருக்கும் மூன்று குடும்பங்கள், கீழே பாத்திரம் தேய்க்கும் வேலைக்காரி, அவளுடைய கறுத்த மகள். அந்த மகள்தான் தார்ச்சட்டி. ஒவ்வொரு வாரமும் அவள் எதையாவது கீழே போடுவாள். ரெவின்யூ சார் பேப்பரைச் சுருட்டி அவள் தலையில் அடிப்பார். "தலையில இடம் இல்லீங்க ஐயா" என்பாள் அவள். சிரிப்புச் சத்தம் கொல்லென்று எழும். அவ்வளவுதான் நகைச்சுவை. ஐம்பத்திரண்டு வாரம் அதையே செய்தார்கள்.

அறிவுமதிக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தங்கையன் அந்தத் தொடரை எடுத்த கம்பெனியில் லைட்மேன். ஒரு நாள் மகளை வேடிக்கை பார்க்க அழைத்துப் போனார். டைரக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "மேக்கப்பே வேண்டாம்யா" என்றாராம். அந்த வாக்கியத்தை அப்பா சாகிற வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆத்துக் கிரில்லுக்கு யார் வந்திருக்கா பாருங்கோ" என்று கமலவல்லி உள்ளே குரல் கொடுத்தார். யதிராஜன் வந்தார். எழுபது வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச ஆரம்பித்தால் எதிரில் மைக் இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்.

"பகவத் சங்கல்பம்னுதான் சொல்லணும்" என்றார். "இந்த லீவுல குழந்தேள் கையிலேர்ந்து போனைப் பிடுங்கறதுக்காக சனிக்கிழமைதோறும் கீழே ஹால்ல பழைய சீரியல் போடறோம். இப்ப வர்றதெல்லாம் என்ன கண்றாவி? ஆபாசம், ரெட்டை அர்த்தம், கத்திக்குத்து. அந்தக் காலத்து சீரியல்ல இதெல்லாம் உண்டா? குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கலாம். இந்த வாரம் நம்ம வம்புதான். நீங்க சீஃப் கெஸ்ட்டா வரணும்."

"எனக்குப் பேசல்லாம் வராதுங்க சார்."

"பேசவே வேண்டாம். அந்த ஒரு டயலாக்கைச் சொன்னாப் போதும்."

அன்று மாலை பட்டறையில் அற்புதசாமி இதைக் கேட்டுவிட்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "உனக்கே பிடிக்காது. எதுக்குப் போற? ஆர்டருக்காகவா?"

"ஆர்டருக்காகவும்தான்" என்றாள். "ஆனா வேற ஒண்ணு இருக்கு. இப்ப உள்ள பிள்ளைங்க விவரமானதுங்க. இந்தக் குப்பைய பார்த்து ஒண்ணுகூட சிரிக்காது. கிழங்க மட்டும் சிரிக்கும். அந்தச் செயலாளர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் நேர்ல பார்க்கணும்."

அவள் இதை நிஜமாகவே நம்பினாள். காலம் மாறிவிட்டது, பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள், நகைச்சுவை என்று பேப்பரால் அடித்தால் கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போவார்கள். சனிக்கிழமை நல்ல காட்டன் புடவை கட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஹாலில் இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களுக்கு நாற்காலி. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வேறு கட்டியிருந்தார்கள்: 'தார்ச்சட்டி அவர்களே வருக'. அவள் பெயர் அதில் எங்கேயும் இல்லை. 'அவர்களே' என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

யதிராஜன் கால் மணி நேரம் பேசினார். அந்தக் காலத்து நகைச்சுவை யார் மனசையும் புண்படுத்தாது என்றார். பிறகு பொன்னாடை போர்த்தினார். "மேடம் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சொல்லிச் சிரித்தார். படம் ஓட ஆரம்பித்தது.

அறிவுமதி சுவரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்தாள். முன் வரிசையில் யதிராஜனின் பேத்தி மைத்ரேயி, பத்து வயது, கண்ணாடி போட்டவள். ஹாலுக்கு வரும்போதும் கையில் ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தாள். இவள்தான் முதலில் எழுந்து போவாள் என்று அறிவுமதி கணக்குப் போட்டாள்.

சுவரில் தார்ச்சட்டி காபி டபராவைக் கீழே போட்டாள். ரெவின்யூ சார் பேப்பரைச் சுருட்டினார். முதல் அடி. சிரிப்புச் சத்தம். மைத்ரேயி சிரித்தாள். இரண்டாவது அடி. பக்கத்துப் பெண் சிரித்தாள். மூன்றாவது அடிக்கு இருபது பிள்ளைகளும் சிரித்தார்கள். "தலையில இடம் இல்லீங்க ஐயா" என்றதும் மைத்ரேயி புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் மடியில் சாய்ந்தாள். நடிப்பில்லாத, குழந்தைச் சிரிப்பு. அப்புறம் திரும்பி அறிவுமதியைப் பார்த்து, அதே முகத்தைச் சுவரில் தேடிக் கண்டுபிடித்து, மறுபடி சிரித்தாள். "தார்ச்சட்டி ஆன்ட்டி" என்று கை ஆட்டினாள்.

அறிவுமதிக்குக் காது சூடாகிவிட்டது. கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. முப்பது வருஷமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்த மடத்தனத்தின் மேல். காலமாவது, முன்னேற்றமாவது. சிரிக்கச் சொல்லி ஒரு சத்தம் வந்தால் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள்.

அடுத்த காட்சி வருவதற்குள் யதிராஜன் படத்தை நிறுத்தினார். "இப்ப நேர்லயே பார்க்கப்போறோம்" என்று அன்றைய பேப்பரை எடுத்துச் சுருட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். பெரியவர்கள் கை தட்டினார்கள். அவர் செல்லமாகத்தான், தொட்டும் தொடாமலும்தான், அவள் உச்சியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"டயலாக், மேடம்."

அவள் டயலாக் சொல்லவில்லை. எழுந்து, மேஜை மேல் இருந்த ரிமோட்டை எடுத்தாள்.

"பிள்ளைங்களா, அந்தக் காட்சிய இன்னொரு தடவ பார்ப்போமா?"

"பார்ப்போம்" என்று ஒரே குரல்.

பின்னால் ஓட்டினாள். சத்தத்தை முழுக்க நிறுத்தினாள். ஓடவிட்டாள்.

சுவரில் டபரா சத்தமில்லாமல் விழுந்தது. ஒரு பெரிய ஆள் பேப்பரைச் சுருட்டினார். ஒரு சின்னப் பெண்ணை அடித்தார். மறுபடி அடித்தார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்து, கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டது. ஏழு அடி. அது முடிய எவ்வளவு நேரமாகிறது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"அடி விழறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கிறா" என்றாள் மைத்ரேயி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"ஆமா கண்ணு" என்றாள் அறிவுமதி. "அது பதினாலாவது டேக். எப்ப அடி விழும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெறும் பேப்பர்னா வளைஞ்சு போகுதுன்னு உள்ள மரஸ்கேல் வச்சிருந்தாங்க. அங்க யாரும் சிரிக்கல. சிரிச்சா ரெக்கார்டிங்ல விழும்ல. சிரிப்ப அப்புறமா டேப்லேர்ந்து சேர்த்தாங்க."

"உங்க அம்மா அப்பா திட்டலையா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எங்க அப்பாதான் எம்மேல விழற லைட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

நாற்காலி வரிசையில் ஒருவர் செருமினார். யதிராஜன் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். "மேடம், அது நடிப்பு. குழந்தேளைக் குழப்பாதீங்கோ. அந்தக் காலத்துல யாருமே இதைத் தப்பா எடுத்துக்கலை."

"எங்ககிட்ட யாரு சார் கேட்டீங்க, தப்பா எடுத்துக்கிட்டியான்னு?"

ரிமோட்டைக் கொடுத்தாள். பொன்னாடையை மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். அடித்த நடிகர் ஷூட்டிங் முடிந்ததும் தினமும் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுப்பார் என்பதையும் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அது உண்மை. நல்ல மனுஷர். ஆனால் அதைச் சொன்னால் பெரியவர்கள் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

யதிராஜன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது, ரொம்பக் குழம்பியிருந்தார்.

"நீங்க ஒண்ணைச் சொல்லிட்டேள். சரி. அதுக்காக எல்லாத்தையும் ஒதுக்க முடியுமா? அடுத்த வாரம் வேற போடறேன். நல்லதா எத்தனையோ இருக்கு."

"போடுங்க சார்."

"காது கேக்காத மாமனார் ஒருத்தர் வருவாரே, அது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்லேன்னா திக்கித் திக்கிப் பேசற போஸ்ட்மேன்..." மறுபடி நிறுத்தினார். "ஒரு பொம்மனாட்டி, கொஞ்சம் ஸ்தூலம், அவ உட்கார்ந்தாலே நாற்காலி..." கை விரல்களில் எண்ணிக்கொண்டே வந்தவர் நாலாவது விரலை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அறிவுமதி ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தாள். அவருக்கு உதவி செய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை.

அந்தக் கிரில் வேலை மன்னார்புரத்தில் வேறொரு பட்டறைக்குப் போனது. அற்புதசாமி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "ஸ்கேல் வச்ச கதைய எங்கிட்டகூட நீ சொன்னதில்ல" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை நிகழ்ச்சி இன்னும் இரண்டு வாரம் நடந்தது. யதிராஜன் யோசித்து யோசித்து வேறு வேறு தொடர்களைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் மைத்ரேயி ரிமோட்டைக் கைப்பற்றிவிட்டாள். பின்னணியில் சிரிப்பு வருகிற இடமெல்லாம் சத்தத்தை அமுக்கினாள். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிப் போனது. சிரிப்பில்லாமல் பார்த்தால் எல்லாத் தொடரும் ஒன்றுதான்: நான்கு சுவருக்குள் சிலர் மாற்றி மாற்றிக் கத்திக்கொள்கிறார்கள், ஒருவர் மற்றவரை மட்டம் தட்டுகிறார், மட்டம் தட்டப்பட்டவர் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறார். அந்தக் கொஞ்ச நேரம் சிரிப்புக்காக விட்ட இடம். அங்கே ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் ஹாலை யோகா வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் அறிவுமதிக்குக் கமலவல்லி போனில் சொன்னதுதான். ஒரு நாள் மத்தியானம், பட்டறையில் கட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். சொல்லி முடித்துவிட்டு, சண்டைக்கும் இல்லாமல் சமாதானத்துக்கும் இல்லாமல் ஒரு குரலில் கேட்டார்:

"எனக்கே இப்பல்லாம் அதைப் பார்த்தா சிரிப்பு வரமாட்டேங்கறதும்மா. நான் எவ்வளவு ரசிச்ச சீரியல் அது. இப்படிப் பண்ணிட்டியே, நியாயமா?"

அறிவுமதி கட்டரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

"முப்பது வருஷம் சிரிச்சாச்சே மாமி" என்றாள். "போதாதா?"