இதர விசேஷம்

முருகானந்தம் சார் நான்கு மாதத்தில் நான்கு முறை நெரவியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் முறை தண்ணீர் குடித்தார். இரண்டாம் முறை காபி. மூன்றாம் முறை சர்க்கரை இல்லாத காபி. நான்காம் முறை மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைக்கச் சொன்னார். நான்கு முறையும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பார்த்துச் சொல்றோம்" என்றார்.

பார்க்க வேண்டியது என் அக்கா விஷ்ணுப்ரியாவை. அவளை முதல் நாளே பார்த்துவிட்டார். சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவர் மகன் கலைவாணனுக்குத் துறைமுகத்தில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே கலைவாணன் என் அக்காவுக்கு "வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டோம்" என்று வாட்ஸப்பில் தகவல் கொடுத்தார். சேர்ந்த பிறகும் தகவல் நிற்கவில்லை. நான்கு மாதத்தில் இருவரும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற கட்டத்தைத் தாண்டி, எந்தப் பள்ளிக்கூடம் என்பதில் சண்டை போட்டுப் பேசாமலிருந்து மறுபடி சேர்ந்துவிட்டார்கள். பெரியவர்கள் தரப்பில் மட்டும் பேச்சு இன்னும் மின்விசிறியிலேயே இருந்தது.

முருகானந்தம் சாரையும் குறை சொல்ல முடியாது. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடத்தில் எந்தக் கோப்பையும் அவர் மறுத்ததில்லை. எதற்கும் அனுமதி கொடுத்ததுமில்லை. ஓரத்தில் "பார்த்தேன்" என்று எழுதித் தேதி போடுவார். அதனால் அவர்மேல் ஒரு புகாரும் கிடையாது.

இதற்கிடையில் மாயவரத்திலிருந்து இன்னொரு வரன் வந்தது. அவர்கள் ஒரே தடவை வந்தார்கள், கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், மறுநாளே சம்மதம் என்று போன் செய்தார்கள். என் அப்பா சோமசேகரன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். யாரையும் காத்திருக்க வைத்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"திங்கக்கிழமைக்குள்ள முருகானந்தம் சார் பதில் சொல்லலைன்னா, மாயவரத்துக்கு சரின்னு சொல்லிடப்போறேன்" என்றார்.

அன்றைக்கு அக்கா சப்பாத்தி மாவு பிசைந்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் முருகானந்தம் சாரே போன் செய்து, "ஒரு பொது இடத்துல சந்திச்சுப் பேசுவமே" என்றார். பொது இடம் என்று அவர் சொன்னது காரைக்காலில் புதிதாகத் திறந்திருக்கும் ‘அரசலாறு’ என்ற உணவகத்தை. வாசலில் ஒரு நீரோடை வைத்திருக்கிறார்கள். நிஜ அரசலாற்றில் தண்ணீர் வர மேட்டூர் மனது வைக்க வேண்டும். இதில் சுவிட்சைத் தட்டினால் போதும். விசேஷங்களுக்கென்றே ஏற்பட்ட இடம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்தவர்கள் கழுத்தில் கசங்கிய மாலையோடு வந்து, பேரப்பிள்ளைகள் சூழ ஏழு கோர்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பா மேசை பதிவு செய்யப் போன் போட்டார்.

"என்ன விசேஷம் சார்? பர்த்டே, வெட்டிங் டே, என்கேஜ்மென்ட்?"

அப்பாவுக்குப் பொய் வராது. "விசேஷம் ஆகுமா ஆகாதான்னு பேசத்தாங்க வர்றோம்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "இதரன்னு போட்டுக்கறேன் சார். விசேஷப் பேக்கேஜ்ல கேக்கு, போட்டோ, தாம்பூலம் எல்லாம் உண்டு."

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு இரண்டு குடும்பங்களும் வாசலில் சந்தித்தோம். முருகானந்தம் சாரின் மனைவி பங்கஜவல்லி அம்மா எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். நான்கு சந்திப்பிலும் அவர் செய்தது அதுதான். வாசல் காவலாளி முருகானந்தம் சாரின் சட்டைப் பையைப் பார்த்து, "வெத்தலைய இங்க குடுத்துட்டுப் போங்க சார். உள்ள கார்ப்பெட்" என்றார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை வெற்றிலை போடுகிற மனிதர், கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

உள்ளே எங்கள் மேசையில் ஓர் அட்டை நின்றது. "உங்கள் இதர விசேஷத்துக்கு எங்கள் இதயம் கனிந்த வாழ்த்துகள்."

முருகானந்தம் சார் அதை இரண்டு முறை படித்தார். "இது யாரு வைக்கச் சொன்னது?"

"அவங்களா வெச்சதுங்க" என்றார் அப்பா.

"பேச்சு நடக்கையில இதெல்லாம் தப்பான அர்த்தம் குடுக்கும்" என்று அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எல்லாருக்கும் பொதுவாக, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பரிமாறுகிறவரையும் சேர்த்து, ஓர் அறிவிப்புக் கொடுத்தார். "மொதல்லயே சொல்லிடறேன். முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்கறதில்லைங்கறது நம்ம பக்கத்து வழக்கம். கை நனைச்சா சம்மதம்னு ஆயிடும். ஆனா இது உங்க வீடும் இல்ல, எங்க வீடும் இல்ல. இங்க சாப்புடறது செல்லாது."

"செல்லாதுங்க" என்றார் அப்பா.

"நாளைக்கு யாரும், முருகானந்தம் சாப்பிட்டாரேன்னு கெளம்பக் கூடாது."

"கெளம்ப மாட்டோங்க."

பங்கஜவல்லி அம்மா கை கழுவ எழுந்து போனார். பரிமாறுகிறவர் எழிலன், கோட்டுச்சேரிமேட்டுக்காரர், குரல்வளை வரை பொத்தான் போட்ட கோட்டு அணிந்திருந்தார். கை கழுவும் இடத்தில் பங்கஜவல்லி அம்மா அவரிடம் ஏதோ சொல்வதும், அவர் குனிந்து கேட்டுத் தலையாட்டுவதும் தெரிந்தது. உப்பைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்தேன்.

செல்லாத சாப்பாடு வரத் தொடங்கியது. ஒவ்வொரு கோர்ஸுக்கும் எழிலன் கைகட்டி நின்று ஒரு முன்னுரை சொன்னார். கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில் மிளகு ரசம் வந்தது. முருகானந்தம் சார் ஒரே மடக்கில் முடித்துவிட்டுக் கேட்டார்.

"சோறு?"

"சோறு ஆறாவது கோர்ஸ் சார்."

"அதுவரைக்கும்?"

"எதிர்பார்ப்பு சார்."

அடுத்து ஒரு பெரிய தட்டின் நடுவில், தீவில் தனியாக ஒதுங்கியவனைப்போல ஒரு துண்டு வஞ்சிரம் வந்தது. கருக்களாச்சேரியில் இன்று காலை பிடித்தது என்றார் எழிலன்.

"கருக்களாச்சேரியிலேருந்து இங்க வர்றதுக்குள்ள இவ்வளவு எளைச்சுப்போச்சா?" என்றார் முருகானந்தம் சார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை. என் அம்மா ராஜம் பாதிக்குமேல் முடியாமல் தள்ளி வைத்த துண்டும், "வீணாப் போகக் கூடாது பாருங்க" என்று அவர் தட்டுக்கே போனது. நான்கு மாதமாக எங்கள் வீட்டில் அவர் மறுத்த முறுக்கு, அதிரசம், சாம்பார் சாதம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

"உப்பு பத்தலை" என்றார் பங்கஜவல்லி அம்மா. அன்று மேசையில் அவர் பேசிய முதல் வாக்கியம்.

அக்காவின் போன் அவள் மடியில் ஒளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நானும் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த கலைவாணன் எழுதியிருந்தார்: "நானே அப்பாகிட்ட கேட்டுடறேன்." அக்கா பதில் போட்டாள்: "கேளுங்க. இப்பவே."

கலைவாணன் தொண்டையைச் செருமினார். "அப்பா."

"என்னடா?"

கலைவாணன் தன் அப்பாவைப் பார்த்தார், என் அக்காவைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். "சோறு வருது."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சோறு வந்து, போய், இளநீர்ப் பாயசமும் முடிந்த பிறகு என் அப்பா தன் தண்ணீர்த் தம்ளரை நேராக்கி வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"சார், நாளைக்குத் திங்கக்கிழமைங்க. மாயவரத்துக்காரங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அவங்களுக்கு இல்லைன்னு சொல்லிடுவேன்."

முருகானந்தம் சார் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் பழைய அலுவலகத்தின் ஒளி வந்தது. "பொண்ணு நல்ல பொண்ணுதான். குடும்பமும் நல்ல குடும்பம். ஜாதகமும் பொருந்துது. குறைன்னு ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அதனால, பார்த்துச் சொல்றோம்."

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். அக்கா தட்டில் இல்லாத எதையோ கரண்டியால் ஒதுக்கினாள். கலைவாணன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். மாயவரத்தில் யாரோ ஒருவர் இந்த நேரத்தில் நிம்மதியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

எழிலன் இரண்டு வெள்ளித் தட்டுகளோடு வந்தார். "தாம்பூலம் சார். விசேஷப் பேக்கேஜ்ல உண்டு." ஒரு தட்டில் செர்ரிப்பழம் குத்திய இனிப்புப் பீடாக்கள். இன்னொன்றில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. பீடாத் தட்டை முருகானந்தம் சார் முன்னாலும் வெற்றிலைத் தட்டை என் அப்பா முன்னாலும் வைத்தார்.

அப்பா வெற்றிலை போடுவதில்லை. முருகானந்தம் சாரோ வெற்றிலையைப் பிரிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பார்வை மேசையைக் கடந்து எதிர்த்தட்டிலிருந்த கொழுந்தில் போய் நின்றது.

பங்கஜவல்லி அம்மா அன்றைய இரண்டாவது வாக்கியத்தைப் பேசினார். "என்னங்க, உங்களுக்குத்தான் சர்க்கரையாச்சே. பீடா ஆகாது. அதை அவர்ட்ட குடுத்துட்டு, அந்தத் தட்டை நீங்க வாங்கிக்குங்க."

"தாராளமாங்க" என்றார் அப்பா. வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். பெரியவர்களுக்கு எதையும் ஒற்றைக் கையால் கொடுத்துப் பழக்கமில்லை. முருகானந்தம் சாரும் பீடாத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். மேசை அகலமானதால் இருவரும் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

"சார், அப்படியே ஒரு நிமிஷம்" என்று உணவகத்தின் போட்டோக்காரர் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் இங்க பாருங்க. சிரிங்க."

சிரித்தார்கள். தட்டுகள் கை மாறின. பக்கத்து மேசையில் மணிவிழாத் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமலே கைதட்டினார். அவர் பேரப்பிள்ளைகளும் தட்டினார்கள். போட்டோக்காரர் கேமராவைத் திருப்பி முருகானந்தம் சாரிடம் படத்தைக் காட்டினார்.

"பார்த்தேன்" என்றார் அவர், பழக்கத்தில்.

பங்கஜவல்லி அம்மா கைத்துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். "தட்டு மாத்தியாச்சு" என்றார். பிறகு என் அம்மாவிடம் திரும்பி, "இப்ப நேரம் நல்லாத்தானே இருக்கு, சம்பந்தி?"

அம்மா ஏற்கெனவே போனில் காலண்டரைத் திறந்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை. ராகுகாலம் ஆறு மணியோட போயிருச்சு, சம்பந்தி."

முருகானந்தம் சார் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. எந்த நிச்சயதார்த்தத்திலும் இதற்குமேல் அவசியமாக எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. "பங்கஜம், இது ஓட்டல் தட்டு. இதெல்லாம் செல்லாது."

"இங்க சாப்புடறது செல்லாதுன்னுதான் சொன்னீங்க. மாத்தறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"அதுக்கில்ல. நம்ம தட்டா இருக்கணும்."

"நம்ம நிச்சயத்துக்கு வந்த தட்டும் வாடகைப் பாத்திரக்கடைத் தட்டுதான். அடியில கடைக்காரர் பேரு வெட்டியிருந்துச்சு. முப்பது வருசமாச் செல்லிக்கிட்டுத்தானே இருக்கு."

முருகானந்தம் சார் ஆதரவுக்கு மகனைப் பார்த்தார்.

"செல்லும்ப்பா" என்றார் கலைவாணன். நான்கு மாதத்தில் பெரியவர்கள் முன்னால் அவர் உருப்படியாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அக்கா கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தினாள்.

முருகானந்தம் சார் யோசித்தார். யோசிக்கும்போது வெற்றிலை போடுவது அவர் வழக்கம். கொழுந்து ஒன்றை எடுத்து, தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவலை வைத்து மடித்து வாயில் போட்டார். உடனே இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒன்றரை மணி நேரப் பாக்கி.

எழிலன் கேக்கோடு வந்தார். கையில் கிரீம் நிரப்பிய கூம்பு. "சார், மேல என்னன்னு எழுதட்டும்?"

எல்லாரும் முருகானந்தம் சாரைப் பார்த்தோம். பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்ல அவர் உதடு ஒரு முறை அசைந்தது. வாய் நிறைய வெற்றிலைச் சாறு, காலடியில் கார்ப்பெட். காவலாளி வாசலிலிருந்தே அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். முருகானந்தம் சார் வாயை மூடிக்கொண்டார். சற்று நேரம் மென்றார். அப்புறம் கையை நீட்டி, தான் கவிழ்த்து வைத்த வாழ்த்து அட்டையை எடுத்து நிமிர்த்தி, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நேராக நிற்க வைத்தார்.

எழிலன் அதைப் பார்த்து எழுதினார். அக்காவும் கலைவாணனும் சேர்ந்து வெட்டிய கேக்கில், வளைந்த சிவப்பு எழுத்தில், "இதர விசேஷத்துக்கு வாழ்த்துகள்" என்று இருந்தது. ‘இதர’வில் அக்கா வெட்டினாள், ‘வாழ்த்துகள்’ கலைவாணனுக்குப் போனது. அப்பா வெளியே நீரோடைப் பக்கம் நின்று மாயவரத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கிறவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது காவலாளி வெற்றிலைப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். முருகானந்தம் சார் அதை வாங்கிக்கொண்டு, சாற்றைத் துப்ப இடம் தேடி வேகமாக இருட்டுப் பக்கம் நடந்தார். பங்கஜவல்லி அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த எழிலன் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பீடாத் தட்டு சார் முன்னால, வெத்தலைத் தட்டு அவங்க முன்னால. நீங்க சொன்ன மாதிரியே வெச்சனாம்மா?"

பங்கஜவல்லி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பை எழிலனுக்கும் கொடுத்தார்.

"வெச்சீங்க தம்பி. உப்புதான் பத்தலை."