எண்ணூறு சதுர அடி

தஞ்சாவூர் கீழவாசலில் அந்த இடம் காலியாகிறது என்று நிதிஷ்தான் சொன்னான். அகலம் இருபது அடி, நீளம் நாற்பது. முன்பக்கம் ஓவியங்கள் மாட்டி விற்கும் கேலரி, பின்பக்கம் ஃப்ரேம் போடும் பட்டறை என்பது திட்டம். போடும் முதல் அவனுடையது. பெங்களூரில் வீட்டு அலங்காரக் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கைவேலை சபிஹாவுடையது. பதினாலு வருஷமாக ஒரே கடையில் கண்ணாடி அறுத்து, கட்டை வெட்டி, அந்தக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவள். "நீங்க வேலைக்காரி இல்லக்கா, பார்ட்னர்" என்று நிதிஷ் சொன்ன அன்று, நாகப்பட்டினத்திலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள்.

இடம் பார்க்கப் போனபோது அவன் பிளான் வரைந்து கொண்டுவந்திருந்தான். கேலரிக்கு எழுநூறு சதுர அடி, பட்டறைக்கு நூறு.

"நூறா? நான் திரும்பக்கூட முடியாதே தம்பி."

"படம் பாக்க வர்றவங்க எட்ட நின்னு பாக்கணும்க்கா. சுத்தி எடம் இருந்தாதான் படத்துக்கு ஒரு மரியாதை."

சபிஹா தரையில் கிடந்த பழைய செய்தித்தாள்களை எட்டடிக்கு நாலடி விரித்தாள். "இது மேஜை." சுற்றிலும் மூணு மூணு அடி விட்டுச் சாக்பீஸால் கோடு போட்டாள். அதற்கே நூற்றுநாற்பது ஆகிவிட்டது. ஃப்ரேம் கட்டை பத்தடி நீளத்தில் வரும். ரம்பத்தில் வைத்தால் இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி இருந்தால்தான் தள்ளி அறுக்கலாம். கண்ணாடியைப் படுக்கப் போடக்கூடாது, நிறுத்தி வைக்க ஒரு ஓரம் வேண்டும். முடித்த ஃப்ரேம்கள் சாய்ந்திருக்க ஒரு சுவர் வேண்டும்.

"முந்நூத்தம்பது," என்றாள். "கொறைச்சா யார் கையாவது கிழியும்."

நிதிஷ் கோட்டுக்குள் நடந்து பார்த்தான். முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் பின்சுவரில் பூட்டியிருந்த கதவைப் பார்த்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கட்டடச் சொந்தக்காரர் ஐயாவுவிடம் கேட்டான்.

"அது பழைய ஸ்டோர். இருபதுக்குப் பதினெட்டு. வாடகையில சேக்கல, சும்மா வச்சுக்குங்க," என்றார் அவர்.

"அக்கா! பட்டறைய அங்க தள்ளிட்டா எண்ணூறும் கேலரிதான்."

ஐயாவு சாவியைக் கொடுத்தார். நிதிஷ் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். சபிஹா உள்ளே போனாள்.

முன்பு அங்கே உரக்கடை இருந்ததாம். பூச்சிமருந்து நெடி தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. உடைந்த பாட்டில்களிலிருந்து ஒழுகியது தரையெல்லாம் பழுப்புப் பாகாகக் காய்ந்து கிடந்தது. காலை எடுத்தால் செருப்பு பிய்ந்துகொண்டு வந்தது. சுவரோரம் இரண்டு எலிகள், ரோமம் உதிர்ந்து, தரையோடு தரையாக. ஜன்னல் இல்லை. மூலையிலிருந்த கக்கூஸ் பீங்கான் தெரியாத அளவுக்குக் காலி டப்பாக்களால் ரொம்பியிருந்தது. அவள் உதடு எரியத் தொடங்கியது.

"வெள்ளையடிச்சா போயிடும்," என்றான் நிதிஷ், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசற்படியிலிருந்து.

"உள்ள வந்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க தம்பி."

"நான் எதுக்குக்கா? நானா இங்க உக்காந்து வேல பாக்கப்போறேன்?" சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும்தான் வேணாம். முன்னாடி ஏசியில இருங்க. உள்ள யாராவது ஒரு ஆளப் போட்டுக்கலாம்," என்றான்.

சபிஹாவுக்கு உடனே மருதையன் ஞாபகம் வந்தது. கூட வேலை பார்க்கிறவன். எதற்கும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். அவனை இங்கே உட்காரவைத்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டான், தான் முன்னால் இருந்துகொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. போட்டுமுடித்து நிம்மதியும் பட்டது.

அடுத்த நொடி ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ஐயாவு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, "வெயிலு அப்புடிம்மா" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நிதிஷ் தன் கைக்குச் சானிடைசர் போட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாயருகே கொண்டுபோனால் அந்த நெடி. அதைவிட, அந்த நிம்மதியை நினைத்தால்தான் தன் மேலேயே குமட்டியது. மூன்றாம் நாள் நிதிஷ் புது பிளான் அனுப்பினான். முன்னால் சோபா, பூந்தொட்டி எல்லாம் வரைந்திருந்தான். பின்னாலிருந்த கட்டத்தில் 'ஸ்டாஃப்' என்று மட்டும் போட்டிருந்தது.

போன் செய்தாள். "எனக்கு வேணாம் தம்பி."

"ஒரு ஜன்னல் வச்சுத் தர்றேன்க்கா. ரெண்டுக்கு ரெண்டு. போதும்ல?"

"கோழி அடைக்கவா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் டீ குடிக்கப் போனபோது மருதையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் நினைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நீங்க கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்க்கா," என்றான்.

அதற்கு அவன் திட்டியே இருக்கலாம்.

நாலு மாசம் கழித்து இருவரும் சேர்ந்து கரந்தையில் ஒரு மாடியைப் பிடித்தார்கள். நானூற்று இருபது சதுர அடி, மூன்று ஜன்னல். முந்நூற்றைம்பது பட்டறைக்கே போனது. மிச்சமிருந்த சுவரில் மூன்று ஓவியங்கள்தான் மாட்ட முடிந்தது. எட்ட நின்று பார்க்க நினைப்பவர்கள் மாடிப்படியில் இரண்டு படி இறங்கித்தான் பார்க்க வேண்டும். பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு டீச்சரம்மா அப்படி நின்று பார்த்துவிட்டு ஒன்றை வாங்கிப்போனார்.

நிதிஷ் கேலரி திறந்துவிட்டான். அழைப்பிதழ் வந்தது. சபிஹா போகவில்லை. உள்ளே யாரை உட்காரவைத்திருக்கிறான் என்று மருதையன் விசாரித்து வந்தான். சீர்காழிப் பக்கத்து ஆளாம், பேர் தெரியவில்லை என்றான். சபிஹா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் போயி அவரப் பாத்துட்டு வருவோம்," என்றாள். "இன்னொரு ஆளு நிக்க இங்க எடம் இருக்கான்னு அளந்து பாரு."